கலியாணக் கேக்: பெட்டிக்குள் போகிற துண்டை முதலில் பாருங்கள்

எங்கள் பெறாமகளின் கலியாணம் முடிந்ததிலிருந்து "அந்தக் கேக் எங்கே செய்தது, உள்ளே என்ன போட்டது, எப்படித் தெரிவு செய்தீர்கள்" என்று கேட்டுச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் இங்கே ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். செய்தவர் வெள்ளவத்தைப் பக்கம் வீட்டிலேயே கேக் அடிக்கிற ஒரு அக்கா. மாதத்துக்கு அளவாகத்தான் ஓடர் எடுப்பார், அதனால் அவருடைய நம்பரைப் பொதுவில் போட மாட்டேன். எப்படித் தெரிவு செய்தோம் என்பதைச் சொல்லலாம், அதுதான் உங்களுக்கும் உதவும்.

இலங்கையில் கலியாணக் கேக் என்று சொல்லும்போது அதில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று மேடையில் அடுக்கடுக்காக நிற்பது, ஸ்ட்ரக்சர் என்போம். அதில் பெரும்பாலும் உள்ளே ரெஜிபோம் (தெர்மோகோல் என்பார்களே, அந்த வெள்ளை நுரைக்கட்டி), வெளியே ஐசிங். வெட்டுவதற்காக ஒரு அடுக்கிலோ ஒரு மூலையிலோ மட்டும் உண்மையான கேக் வைத்திருப்பார்கள். மற்றது, முதலே வெட்டிச் சுற்றிச் சின்னப் பெட்டியில் போட்டு, வந்த ஒவ்வொருவருக்கும் போகும்போது கையில் கொடுக்கிற ரிச் கேக் துண்டு. தமிழ்நாட்டில் தாம்பூலப் பை கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அந்த இடத்தில் இங்கே இது இருக்கிறது. எங்கள் சைவக் கலியாணங்களில் தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, வாசலில் பலகாரப் பையோடு இந்தக் கேக் பெட்டியும் வரும். கிறிஸ்தவ வீடுகளிலும் சிங்கள வீடுகளிலும் இதே வழக்கம்தான்.

கலியாணம் பேசி முடித்தவுடன் எல்லாரும் ஓடுவது முதலாவதுக்கு. போனில் படம் படமாகச் சேர்த்து, எத்தனை அடுக்கு, என்ன நிறம், பூ சீனியில் செய்ததா உண்மையான பூவா என்று வாரக்கணக்கில் பேசுவார்கள், அப்புறம் கடைசியில் "துண்டுக்கேக்கும் நீங்களே போட்டுத் தந்துவிடுங்கள்" என்று அதே ஆளிடம் ஒரு வசனத்தில் முடித்துவிடுவார்கள். நான் இதை நேர் எதிராகச் செய்யச் சொல்கிறேன். மேடையில் நிற்பது ஒரு மாலைப்பொழுது. பெட்டியில் போவதுதான் வரமுடியாத பாட்டியிடமும், வீட்டில் காத்திருக்கிற பிள்ளையிடமும், கனடாவில் இருக்கிற மாமியிடமும் போய்ச் சேருகிறது. காசை எங்கே போடுவது என்று தீர்மானிக்கும்போது எனக்கு இதில் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் தெரிவு செய்வதும் லேசாகிறது. பழக்கேக்கைக் கலியாணத்துக்கு வெட்டுவது ஆங்கிலேயர் கொண்டுவந்தது. 1840இல் விக்டோரியா மகாராணியின் கலியாணக் கேக் 300 இறாத்தல் எடை, அதுவும் அடுக்கு இல்லாத ஒரே வட்டமான பழக்கேக். அதை வெட்டிப் பெட்டியில் போட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள், அந்தத் துண்டுகளில் சில இன்றைக்கும் பாதுகாப்பாக இருக்கின்றன. இப்போது நாம் பார்க்கிற உயரமான அடுக்குகள் அதற்குப் பிறகுதான் வந்தன. 1858இல் அவருடைய மூத்த மகளின் கலியாணத்தில் மேல் அடுக்குகள் வெறும் சீனி வேலைப்பாடு, கீழே இருந்ததுதான் கேக். ஆக, மேலே காட்சிக்கு ஒன்று, கீழே சாப்பிட ஒன்று என்பது ரெஜிபோம் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே அரண்மனையில் நடந்திருக்கிறது.

இன்னொன்றும் எனக்கு மிகவும் பிடித்த கதை. இரண்டாம் உலகப் போர் நேரம் பிரிட்டனில் சீனி பங்கீட்டில் இருந்தபோது 1940இல் கேக்குக்கு மேலே ஐசிங் போடுவதையே தடை செய்துவிட்டார்கள். கலியாணத்தை நிறுத்த முடியுமா? மட்டையில் செய்து வெள்ளை பூசிய பொய்க் கேக்கை வாடகைக்கு எடுத்து, அதை மூடிபோலக் கவிழ்த்து, உள்ளே கிடைத்த சாமானில் செய்த ஒரு சின்னக் கேக்கை வைத்தார்கள். போர் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. 1947இல் இளவரசி எலிசபெத்தின் கலியாணத்துக்கு 9 அடி உயரத்தில் 500 இறாத்தலில் கேக் செய்தபோது, அதற்கான பழமும் சீனியும் அவுஸ்திரேலியாவின் பெண் சாரணியர் அனுப்பிய அன்பளிப்பு. சாமான் தட்டுப்பட்ட காலத்தில்கூட உள்ளே இருப்பது உண்மையான கேக்காக இருக்கவேண்டும் என்று அந்தச் சனங்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

இங்கே வந்த பழக்கேக் எங்கள் ஊர்ச் சாமானோடு சேர்ந்து வேறொன்றாக மாறிவிட்டது, அதைத்தான் நாம் ரிச் கேக் என்கிறோம். கோதுமை மாவுக்குப் பதிலாக வறுத்த ரவை. பாதாமுக்குப் பதிலாகக் கஜு, அதாவது முந்திரிப்பருப்பு. பிளம்ஸ், சுல்தானா, செரி இவற்றோடு இஞ்சிப் பாகு, சௌசௌ பாகு, நீற்றுப்பூசணியில் செய்கிற புஹுல் தோசி. ஏலக்காய், கறுவா, கராம்பு, சாதிக்காய், கொஞ்சம் பன்னீர், தேன், பிரண்டி. முட்டையில் மஞ்சள் கரு நிறைய, வெள்ளைக்கரு குறைவு. ரவை நீரை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டு பழங்களுக்கு நடுவே கரைந்துபோவதால் வெட்டும்போது பாண்போல உதிராது, கத்தியில் லேசாக ஒட்டும். அந்த ஈரம்தான் அடையாளம்.

வேலை கேக் அடிக்கிற நாளில் தொடங்குவதில்லை. பழங்களையெல்லாம் பட்டாணிக்கடலை அளவுக்குக் கையால் வெட்டவேண்டும், மெஷினில் போட்டால் கூழாகிவிடும். அம்மம்மா வீட்டில் கலியாணம் என்றால் ஒரு பக்கம் பயத்தம் பணியாரத்துக்குப் பயறு வறுபடும், மறுபக்கம் மாமிமார் பாய் விரித்து இருந்து பழம் வெட்டுவார்கள், சிறுபிள்ளைகள் நாங்கள் செரியை எடுக்காமல் இருப்பதற்காக எங்களுக்குக் கஜு உடைக்கிற வேலையைத் தந்துவிடுவார்கள். வெட்டிய பழத்தில் வாசனைத் தூள்களும் பிரண்டியும் விட்டுப் பிரட்டி, வாயகன்ற போத்தலில் இறுக்கி மூடி வைத்துவிடுவார்கள். சில வாரம் ஊறினால் போதும், மாதக்கணக்கில் வைக்கிறவர்களும் உண்டு. அப்புறம் தட்டுக்குக் கீழேயும் பக்கத்திலும் பல மடிப்புப் பேப்பரும் அதற்கு மேல் எண்ணெய்க் கடுதாசியும் போட்டு, 150 பாகைக்குக் கிட்ட அல்லது அதைவிடக் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று மணித்தியாலம். பேப்பர் எதற்கென்றால் இந்தக் கேக்கில் இருக்கிற சீனிக்கும் பழத்துக்கும் ஓரம் சட்டென்று கருகிவிடும், நடு வேகுமுன்பே. வெந்த பிறகும் சுற்றி ஒரு வாரமாவது வைத்தால்தான் ருசி கூடும். ஆகவே கலியாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போய் ரிச் கேக் கேட்டால், நல்ல ஆள் மாட்டேன் என்றுதான் சொல்வார். குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

சரி, ருசி பார்க்கப் போகும்போது என்ன பார்ப்பது? முதலில், இன்று அடித்த கேக்கைச் சாப்பிட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். பழைய ஓடரில் மிஞ்சிய, இரண்டு மூன்று வாரம் இருந்த துண்டு இருந்தால் கேளுங்கள், ஏனென்றால் விருந்தாளி சாப்பிடப்போவது அந்த வயதில் இருக்கிற கேக்கைத்தான். நிறத்தை நம்பவேண்டாம். பழமும் பாகும் மெதுவான சூடும் தருகிற மண்ணிறம் வேறு, கருக்கிய சீனியைக் கூட விட்டுக் கறுப்பாக்குவது வேறு. பின்னதில் விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கைப்பு நிற்கும். விலையைக் குறைக்க நினைக்கிறவர்கள் கஜுவுக்குப் பதில் கச்சானை (நிலக்கடலையை) கலப்பார்கள், செரிக்குப் பதில் சிவப்புச் சாயம் போட்ட பப்பாசித் துண்டைப் போடுவார்கள், பேரீச்சம்பழத்தை அள்ளிக் கொட்டுவார்கள். பேரீச்சம்பழம் கெட்ட சாமான் இல்லை, ஆனால் அது கூடினால் மற்ற எல்லா வாசனையையும் அமுக்கிவிடும். ஒரு துண்டை இரண்டாகப் பிட்டு உள்ளே பாருங்கள், கஜு கண்ணுக்குத் தெரியவேண்டும், இஞ்சி ஒரு இடத்திலாவது பல்லில் கடிபடவேண்டும். கறுவாவும் பன்னீரும் வாயில் போடுவதற்கு முன்னமே மூக்குக்கு வந்துவிடவேண்டும்.

மேலே போடுகிற பேஸ்டையும் தனியாகக் கிள்ளிச் சாப்பிட்டுப் பாருங்கள். பாதாம் பேஸ்ட் என்று பெயர், இங்கே பெரும்பாலும் அது கஜுவும் ஐசிங் சீனியும் சேர்த்து அரைத்துப் பாதாம் எசன்ஸ் விட்டது. நன்றாகச் செய்தால் கேக்கைவிட அதற்குத்தான் சண்டை வரும். பழைய முறையில் பச்சை வெள்ளைக்கருவால் பிசைவார்கள். பச்சை முட்டை கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் நல்லதில்லை, எங்கள் கலியாணத்தில் இந்த மூன்று வகையும் நிறைய இருந்தார்கள். எங்கள் அக்கா முட்டைக்குப் பதில் திரவக் குளுக்கோஸ் விட்டுப் பிசைந்தார். ருசியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்.

இனிமேல்தான் வீட்டுக்குள் பேச்சு நீண்ட இடம். எங்களுக்குள் முட்டையே தொடாதவர்கள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை மட்டும் தொடாதவர்கள் இருக்கிறார்கள், விரதகாலத்தில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மணவறைக்குப் பக்கத்தில் சைவச் சாப்பாடு போட்டுவிட்டு வாசலில் முட்டையும் பிரண்டியும் உள்ள பெட்டியைக் கொடுப்பது சரியா என்று மாப்பிள்ளை வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சிலர் இதைத் தட்டிவிட்டு "எல்லாரும் செய்கிறதுதானே" என்று போய்விடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் காலமெல்லாம் காத்துவந்த நியமத்தை ஒரு துண்டுக் கேக்குக்காக அவருக்குத் தெரியாமலே உடைப்பது பெரிய பிழை. அதேபோல முஸ்லிம் நண்பர்களும் அயலவர்களும் வருவார்கள், அவர்களுக்குப் பிரண்டி விட்டதைக் கொடுக்கமுடியாது.

நாங்கள் செய்தது இதுதான். பிரண்டியை எல்லாத் துண்டிலிருந்தும் எடுத்துவிட்டோம். பழத்தைத் தோடம்பழச் சாற்றிலும் திராட்சைச் சாற்றிலும் தேனிலும் ஊறவைத்தார்கள். இப்படி ஊறவைக்கும்போது பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்கவேண்டும், நாளும் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். கேக்கும் பிரண்டி விட்டதைப்போல அவ்வளவு காலம் நிற்காது, அதனால் கலியாணத்துக்குக் கிட்டவாக அடிக்கவேண்டியிருந்தது. முட்டை இல்லாததற்கு ரிச் கேக்கையே முட்டையில்லாமல் செய்யப் பார்க்காதீர்கள் என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அந்தக் கேக்கைப் பிடித்து வைத்திருப்பதே மஞ்சள் கரு. அது இல்லாமல் செய்தால் களிபோல வருகிறது. அதற்குப் பதில் பேரீச்சம்பழமும் தயிரும் போட்டு மாவில் செய்கிற வேறொரு கேக்கை அக்கா சொன்னார், அதுவே நன்றாக இருந்தது. அதை மஞ்சள் பெட்டியிலும், முட்டை உள்ளதைச் சிவப்புப் பெட்டியிலும் போட்டோம். சிவப்புப் பெட்டியின் அடியில் "முட்டை உண்டு, கஜு உண்டு, மதுபானம் இல்லை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்தோம். கஜு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இப்போது பல குடும்பங்களில் இருக்கிறார்கள், சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. பெட்டியில் பெயரும் திகதியும் தங்க எழுத்தில் போடுகிறோம், இந்த ஒரு வரியையும் போட்டால் என்ன?

ஐசிங்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. அடுக்குக் கேக்கை மூடுகிற ஃபொண்டன்ட்டில் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. கேக் முட்டையில்லாதது என்று சொல்லிவிட்டு மேலே இதைப் போட்டால் சைவக்காரருக்கு என்ன பிரயோசனம்? ஜெலட்டின் இல்லாத ஃபொண்டன்ட்டும் கிடைக்கிறது, பைக்கற்றின் பின்பக்கத்தை வாசிக்கவேண்டும். சிவப்பு, ரோஸ் நிறங்களில் ஈ120 என்று இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுக்கிற சாயம், அதையும் தவிர்க்கலாம்.

ஸ்ட்ரக்சரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைக்கு வெளிநாட்டுப் படங்களில் வருகிற, ஐசிங் பாதி தெரிந்தும் தெரியாமலும் பூசிய பட்டர்கிரீம் கேக்தான் ஆசை. "பெரியம்மா, இது எவ்வளவு வடிவாக இருக்கு பாருங்கோ" என்று அந்தப் படத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினாள். 2018இல் பிரிட்டிஷ் இளவரசர் ஹரி, மேகன் கலியாணத்தில் பழக்கேக்கை விட்டு எலுமிச்சையும் எல்டர் பூவும் சேர்த்த பட்டர்கிரீம் கேக் வைத்த பிறகு இந்த ஆசை இன்னும் பரவிவிட்டது. அது இங்கிலாந்தின் வின்ட்சர், இது கொழும்பு. வெண்ணெய் 32 பாகையைத் தாண்டினாலே உருகத் தொடங்கும், குளிரூட்டிய மண்டபமாக இருந்தாலும் காலி வீதி நெரிசலில் வானுக்குள் கேக் இருக்கப்போகிற நேரத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஃபொண்டன்ட் உருகாது, ஆனால் குளிரிலிருந்து எடுத்து எங்கள் ஈரக்காற்றில் வைத்தால் மேலே வியர்த்து ஒட்டும். வெள்ளைக்கருவும் சீனியும் அடித்துப் பூசுகிற ரோயல் ஐசிங் காய்ந்தால் கல்லாகிவிடும், எங்கள் காலநிலையில் அலங்காரத்துக்கு அதுதான் நான் நம்புவது. ரெஜிபோமுக்கு மேல் அது நன்றாகவே நிற்கும். பிறகு, ஸ்ட்ரக்சர் வாடகைக்கும் கிடைக்கிறது. அதைக் குறைவாக நினைக்கவே தேவையில்லை. நாங்கள் மூன்று அடுக்கு வாடகைக்கு எடுத்தோம், மேல் அடுக்கு மட்டும் அவள் கேட்ட எலுமிச்சைக் கேக், மண்டபத்துக்கு வந்த பிறகு கிரீம் பூசியது. அவளும் மாப்பிள்ளையும் அதை வெட்டினார்கள், இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் ஊட்டினார்கள், மிச்சத்தை அங்கே நின்ற சின்னப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். படங்களும் வடிவாக வந்தன. அதில் மிஞ்சிய காசு முழுவதும் துண்டுக் கேக்கின் கஜுவுக்குப் போனது.

ஒரு ஆலோசனை: வெட்டுகிற உண்மையான பகுதி எது என்று மேடைக்கு ஏறுமுன் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் தொட்டுக் காட்டிவிடுங்கள். கத்தி ரெஜிபோமில் போய்ச் சிக்கினால் அந்தப் பிள்ளைகளின் முகம் வாடிப்போகும், அந்த நேரத்தில் எல்லாக் கமெராவும் அங்கேதான் இருக்கும்.

துண்டின் அளவு இரண்டு அங்குல நீளமும் ஒரு அங்குல அகலமும் போதும். இவ்வளவு இனிப்பும் வாசனையும் உள்ளதை அதைவிடக் கூடச் சாப்பிட முடியாது. முதலில் எண்ணெய்க் கடுதாசி, அதற்கு மேல் தங்க அல்லது வெள்ளித்தாள், பிறகு பெட்டி. எண்ணெய்க் கடுதாசியை விட்டுவிட்டு நேரே நிறத்தாளில் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், நெய்ப்பிடிப்பு வெளியே ஊறிப் பெட்டியில் கறை தெரியும், சாயமும் கேக்கில் இறங்கும். சுற்றுகிற வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன். கலியாணத்துக்கு வந்து நிற்கிற சொந்தமெல்லாம் ஒரு மேசையைச் சுற்றி இருந்து ஒருவர் மடிக்க, ஒருவர் ரிபன் கட்ட, ஒருவர் எண்ண, இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று அறிந்துகொண்டது எங்கள் வீட்டில் அங்கேதான். மாப்பிள்ளையின் அம்மா அந்த மேசையில் இருந்துதான் தங்களுடைய வீட்டில் கன்னிப் பெண்கள் கலியாணக் கேக் துண்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுப்பார்கள் என்று சொன்னா. எதிர்கால மாப்பிள்ளை கனவில் வருவாராம். இங்கிலாந்தில் பழைய நாளில் இருந்த நம்பிக்கை, இங்கே கேக்கோடு சேர்ந்து வந்து ஊன்றிவிட்டது. அன்றிரவு எங்கள் பிள்ளைகளில் யார் யார் வைத்துப் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

எத்தனை துண்டு போடுவது? அழைப்பிதழைக் குடும்பக் கணக்கில் எண்ணாதீர்கள், ஆளுக்கு ஒன்று என்று எண்ணுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி என்று கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆறு பேர் இருக்கிற வீட்டில் அந்த ஒரு துண்டை யார் சாப்பிடுவது? நாதஸ்வரம், தவில் காரர், சமையல் ஆட்கள், மண்டபம் கூட்டுகிற அம்மாக்கள், வான் சாரதிமார், படம் எடுக்கிற தம்பிமார், பூ கட்டினவர், இவர்கள் எல்லாரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். ஐயருக்கும் அவரோடு வந்தவர்களுக்கும் மஞ்சள் பெட்டி. அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து மேலதிகமாக வையுங்கள். விசா கிடைக்காமல் வரமுடியாமல் போன சொந்தம் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது, அவர்களுக்குப் போகிற ஆட்களிடம் கொடுத்துவிட வேண்டும். கேக்கைத் தகர டின்னில் காற்றுப் புகாமல் அடுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி பிரண்டி விட்டதற்குத் தேவையில்லை, பிரண்டி விடாததற்குக் கட்டாயம். பெட்டிகளை வேறாகத் தட்டையாக மடித்துக் கொடுத்துவிட்டால் போகிறவர் பயணப்பெட்டியில் இடமும் மிஞ்சும், அங்கே போய் மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.